மெட்ராஸ் பெயர் பொறித்த இரட்டைக்குழல் துப்பாக்கி: எங்கே, எப்போது செய்தது?

தோட்டத்துவீடு:
தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு எங்கள் வீட்டில் இருந்துவரும் 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, அப்பாவின் மறைவுக்குப் பிறகு என் உரிமத்துக்கு மாறியிருக்கிறது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்திகளான குதிரைகள் இரண்டும் வெளியே தெரியும் பழைய வகை. குழல்களை இணைக்கும் மேல்பட்டையில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கிறது. 1870-இல் ஒரு தோட்டத்துரை கொடுத்துவிட்டுப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். குழலைக் கழற்றினால் அடியில் கிரீடமும் குறுக்காக வைத்த இரு செங்கோல்களும், சாய்சதுரத்துக்குள் '12', 'சி' என்பவையும், 'சோக்' என்ற சொல்லும், '13' என்ற எண்ணும் தெரிகின்றன. குழல்கள் ஒரே கறுப்பு. இது மெட்ராஸில் செய்ததா, எந்தப் பாகம் மூலப்பாகம், துருவைத் தேய்த்து மெருகேற்றலாமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய இரும்பு:
மேல்பட்டையில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. செய்த ஊரைச் சொல்வது அடியிலுள்ள சோதனை முத்திரைதான், அதாவது குழல் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்து இடும் குறி. மெட்ராஸ், கல்கத்தா கடைகள் பர்மிங்காம் பட்டறைகளில் துப்பாக்கி செய்வித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றது அன்றைய வணிக வழக்கம். நீங்கள் சொல்லும் கிரீடமும் செங்கோல்களும் 1813-இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனை இல்லத்தின் முத்திரை. செங்கோல்களுக்கு இடையில் 'பி, பி, சி' என்ற எழுத்துகளும் மங்கலாக இருக்கும், பாருங்கள். முட்டை வடிவத்துக்குள் 'ஈ, எல், ஜி' என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சரக்கு. புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர்களை ஒத்த பெயர்களோடு அங்கிருந்து வந்தவை ஏராளம்.

இனி காலம். இந்தச் செங்கோல் முத்திரை 1904-இல் மாறிவிட்டது. சாய்சதுரமும் 'சோக்' (குழல் வாய்ப்பக்கம் சற்றுக் குறுகுவது) என்ற சொல்லும் 1887-ஆம் ஆண்டு விதிகளில்தான் வந்தன. அதற்கு முந்தைய சோக் குழல்களில் 'குண்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தொடர் இருக்கும். ஆகவே உங்கள் குழல்கள் 1887-க்கும் 1904-க்கும் இடைப்பட்டவை. துரை கொடுத்திருக்கலாம், ஆனால் 1870-இல் இந்தக் குழல்களோடு கொடுத்திருக்க முடியாது. குதிரைகள் வெளியே இருப்பதை வைத்து வயதைக் கூட்டாதீர்கள். குதிரை உள்ளடங்கிய ஆன்சன்–டீலி அமைப்பு 1875-இலேயே வந்துவிட்டாலும், பழைய வகையை விரும்பி வாங்கியவர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள்.

ஈட்டிமரம்:
மூலப்பாகமா என்று பார்க்கக் குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் உள்ள வரிசை எண்ணை ஒப்பிடுங்கள். குழலில் மட்டும் எண்ணோ முத்திரையின் காலமோ வேறுபட்டால் குழல் மாற்றப்பட்டது. தோளில் ஊன்றும் கட்டை வால்நட் மரமாக இல்லாமல் ஈட்டியாகவோ தேக்காகவோ இருந்தால், நம் ஊர்த் தச்சர் பின்னாளில் போட்ட கட்டை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வேலை சுத்தமாக இருந்தால் அதையும் வீட்டு வரலாறாகவே வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்டால் அது குறையே அல்ல. ஒரே கறுப்பு என்பதுதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. அந்தக் காலக் குழல்களில் பல, இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்கள். அவற்றின் இயல்பான நிறம், வரிகள் ஓடும் பழுப்பு. பின்னர் யாரோ கறுப்பேற்றி மறைத்திருக்கலாம். முன்கட்டை மூடியிருந்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வரி தெரியும்.

மெருகு வேண்டவே வேண்டாம். முத்திரை தேய்ந்தால் வரலாறு போய்விடும். அதைவிட, துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடைசெய்கிறது. மெல்லிய எண்ணெயும் துணியும் போதும்.

பழைய இரும்பு:
ஒன்றை விட்டுவிட்டேன். சுட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். உங்களுடையது போன்ற அந்தக் காலத்துக் குழல்கள் பெரும்பாலும் கரிமருந்து எனும் பழைய கறுப்பு வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டவை, இன்றைய மருந்துக்கு அல்ல. தோட்டா அறையும் வழக்கமாக 65 மி.மீ.தான். இன்றைய 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

தோட்டத்துவீடு:
மூன்றிலும் எண் ஒன்றே. கட்டை ஈட்டி. முன்கட்டைக்கு அடியில் சுருள் சுருளாக வரி தெரிகிறது. 1870 கதையை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.