மூன்று கதைகள், ஒரே முதலை

பினாங்கின் ஜார்ஜ்டவுன் வாரக்கடைசிச் சந்தையில் நான் செய்யும் சுடுமண் பொம்மைகளை விற்கிறேன். இப்போதைய வரிசை முழுக்க, முதலையின் முதுகில் ஏறி அதையே ஏமாற்றும் சின்ன விலங்குகள். மலாய்க் கதைகளின் சாங் கஞ்சில் என்ற சருகுமான், ராஜா சுலைமான் தலை எண்ணச் சொன்னார் என்று புளுகி, முதலைகளை வரிசையாக நிறுத்தி ஆற்றைத் தாண்டிவிடும். ஜப்பானில் 712இல் எழுதப்பட்ட கொஜிக்கி என்ற பழங்கதை நூலில் ஒரு முயலும் அதே எண்ணிக்கைத் தந்திரத்தால் கடல் தாண்டுகிறது. அதைத் தாங்கியவை சுறாக்கள் என்பாரும் உண்டு. எனக்கு முதலைதான் வசதி. நம் பஞ்சதந்திரக் குரங்கைச் சொல்லவே வேண்டாம்.

சருகுமானுக்குக் கால் பென்சில் பருமன்தான். களிமண்ணில் அப்படிச் செய்தால் காயும்போதே முறியும் என்பதால் மடக்கி உட்கார வைத்தேன். முதலையை உள்ளே குடைந்து, வயிற்றில் துளையும் விட வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் பொம்மை மேலே காய்ந்தாற்போல் காட்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் ஆவியாகி வெடித்துவிடும்.

போன மாதம் பேரனோடு வந்த ஒரு மலாய்ப் பாட்டி கஞ்சிலைக் கண்டதும் கதையைத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற, எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த நம் தமிழ்த் தாத்தா ஒருவர் விடவில்லை. "முதலை மேல் ஏறுவது குரங்குதானே, தம்பி? ஈரலை நாவல் மரத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித்தானே தப்பித்தது?" இருவரும் மலாயில் வழக்காட, எனக்கு வியாபாரமே மறந்துபோனது.

பிறகு பாட்டி முயலைக் காட்டிக் கேட்டார். கரையை எட்டப் போகும் நேரத்தில், "உங்களை ஏமாற்றிவிட்டேன்" என்று அது பீற்றிக்கொண்டதையும், கடைசியில் நின்றது அதைப் பிடித்து ரோமத்தை உரித்துவிட்டதையும் சொன்னேன்.

"எங்கள் கஞ்சில் கரையேறிய பிறகல்லவா வாயைத் திறந்தது!" என்றார் பாட்டி.

"குரங்கும் மரமேறிய பிறகுதான்" என்றார் தாத்தா. அங்கே சமாதானமாகிவிட்டது.

இத்தனை நாள் இந்தக் கதைகளோடு புழங்கியும் எனக்கு இது தோன்றவில்லை. இப்போது செய்யும் பொம்மைகளில் முயலுக்கு மட்டும் வாய் திறந்திருக்கிறது. மற்ற இரண்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு சவாரி செய்கின்றன.

பேரனுக்கோ முதலை மட்டும் போதுமாம். முதுகில் யாரும் ஏறாத முதலை இருக்கிறதா என்று கேட்டான். செய்து வைத்திருக்கிறேன், மற்றவற்றைவிட அதுதான் வேகமாக விற்கிறது.