மறைக்கல்வி வகுப்பில் பிற சமயத்தாரின் புனிதமும் மீட்பும்: எதை வாசிப்பது?

வாவிக்கரை, மட்டக்களப்பு:
10ஆம், 11ஆம் ஆண்டு மறைக்கல்வி ஆசிரியர்களுக்காகக் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு பள்ளியில் பக்கத்து மேசையில் சைவப் பிள்ளை, ரியூசனில் காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. "அவங்களுக்கு மோட்சம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். 40 நிமிடத்துக்குள் எதை வாசிக்கலாம்? மற்றச் சபையாரும் சொல்லுங்க.

புளியந்தீவு:
முதலில் கேள்வியை இரண்டாகப் பிரியுங்க. ஒரு சமயத்தில் புனிதமானது உண்டா என்பது ஒன்று, அதைப் பின்பற்றும் மனிதர் மீட்படைவாரா என்பது வேறு. இரண்டையும் கலந்தால் வகுப்பு ‘எல்லாச் சமயமும் ஒன்றுதான்’ என்றோ ‘எல்லாருக்கும் நரகம்’ என்றோதான் முடியும்.

முதலாவதுக்கு, நம் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி 1965 ஒக்டோபர் 28இல் வெளியிட்ட ‘நொஸ்த்ரா ஏத்தாத்தே’, பிரிவு 2, 3. இந்து சமயத்தின் தவம், தியானம், அன்போடு இறைவனைச் சரணடைதல், முஸ்லிம்களின் தொழுகை, தானம், நோன்பு எல்லாம் அங்கே வருகின்றன. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை. ஆனால் அதே பிரிவு 2, கிறிஸ்துவே வழி, உண்மை, வாழ்வு என அறிவிக்கும் கடமையையும் சொல்கிறது. பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவதுக்கு, அதே சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ‘லூமன் ஜென்சியும்’ 16 (1964). தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர், நேர்மையாகக் கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சான்றின்படி நடந்தால் மீட்படையலாம். அருள் என்ற சொல்லை விட்டுவிட்டால், நல்ல குணத்துக்குக் கிடைக்கும் பரிசாக மீட்பு மாறிவிடும்.

பின்னர் வத்திக்கான் வெளியிட்ட ‘டொமினுஸ் ஏசுஸ்’ 22 (2000) பிற சமயத்தார் பெரும் குறைபாடுள்ள நிலையில் இருப்பதாகச் சொல்லும். அங்கே நிறுத்தவே வேண்டாம். நமக்குக் கிடைத்தது நம் தகுதியால் அல்ல, அதற்கேற்ப வாழாவிட்டால் நமக்குத்தான் தீர்ப்புக் கடுமை என்று அது தொடர்கிறது.

கல்முனை மெதடிஸ்ட்:
எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, ‘முந்திவரும் கிருபை’, அதாவது மனிதர் விசுவாசிக்கு முன்பே கடவுள் தரும் அருள், எல்லா மனிதரிலும் வேலை செய்கிறது என்றார். 1788இல் விசுவாசம் பற்றிய பிரசங்கத்தில் ஊழியனின் விசுவாசத்தையும் மகனின் விசுவாசத்தையும் பிரித்தார். கடவுளுக்குப் பயந்து நீதி செய்கிறவர் முதல் நிலையிலேயே ஏற்கப்படுகிறார், ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது. ஆதாரம் அப்போஸ்தலர் 10:35.

வாழைச்சேனை வேதமாணவன்:
10:35ஐ மட்டும் எடுப்பது சரியில்லை. அந்த அதிகாரத்தில் வரும் ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு பக்தியுள்ளவன், ஜெபிக்கிறவன், தர்மம் செய்கிறவன். அப்படியிருந்தும் ‘இரட்சிக்கப்படுவதற்கேதுவான வார்த்தைகளை’ப் பேதுரு வந்து சொல்ல வேண்டியிருந்தது (11:14). சுவிசேஷச் சபையாரின் 1974 லொசான் உடன்படிக்கை இதைத் தெளிவாக்குகிறது: இயற்கையின் வழியே எல்லாருக்கும் கடவுளைப் பற்றிய ஓரளவு அறிவு உண்டு, ஆனால் அந்த அறிவு இரட்சிக்காது. இயேசுவாலன்றி வேறு யாராலும் இரட்சிப்பு இல்லை என்னும் 4:12ஐயும் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது.

புளியந்தீவு:
மறைக்கவே வேண்டாம், 4:12 எங்களுக்கும் வேதவாக்குத்தான். ஆனால் பேதுருவுக்கு ஆளனுப்புமுன்பே கொர்நேலியுவின் ஜெபமும் தர்மமும் கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன (10:4). அதனால் 10:1 முதல் 11:18 வரை வெட்டாமல் முதலில் வாசியுங்க, 10 நிமிடம் போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: கலப்புக் குடும்பப் பிள்ளைகள் இருப்பார்கள். இறந்துபோன அம்மம்மாவைப் பற்றி யாராவது கேட்டால், தனி ஆளின் தீர்ப்பு கடவுளுடையது என்று நேராகவே சொல்லுங்க.