முதுகுத்தண்டு அரிப்பா, முள்ளெலும்புக் குடைவா?

அனைவருக்கும் வணக்கம்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் சுவர் ஓரிடத்தில் பைபோல வீங்குவதே பெருந்தமனிப் புடைப்பு. அதை அறுவையால் சீரமைத்த பிறகு முதுகின் எலும்பு கெடுவதற்குத் தமிழில் 'முதுகுத்தண்டு அரிப்பு' என்று நேற்று இங்கே ஒரு கலைச்சொல் முன்வைக்கப்பட்டது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதிலுள்ள இரண்டு சொற்களுமே நோயாளியைத் திசைமாற்றிவிடும்.

'முதுகுத்தண்டு' என்று எலும்பையும் சொல்கிறோம், அதன் உள்ளே ஓடும் நரம்புவடத்தையும் சொல்கிறோம். இந்த அறுவையில் அந்த மயக்கம் ஆபத்தானது. வடத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் கிளைகள் அடைபட்டுக் கால்கள் செயலிழப்பது ஒரு சிக்கல். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ அது தெரிந்துவிடும். எலும்பு கெடுவதோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கலாம். வெறும் முதுகுவலியாகவே அது வெளிப்படலாம். ஆகவே வடத்துக்குத் 'தண்டுவடம்', எலும்புக்கு 'முள்ளெலும்பு' என்று பிரித்தே ஆள வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் முண்ணாண், முள்ளென்பு என்று இந்தப் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. முள்ளும் நாணும் சேர்ந்து முண்ணாண். எவ்வளவு அழகான சொல்!

அடுத்தது 'அரிப்பு'. கடலரிப்பு, மண்ணரிப்பு என்னும் பொருளில் அது சரியான சொல்தான். ஆனால் "உங்கள் எலும்பில் அரிப்பு இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், கேட்பவர் நினைவுக்கு வருவது சொறிதான். 'தேய்மானம்' இதைவிட மோசம். வயதானால் வருவதுதானே என்று தைலம் தடவிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

நடப்பது என்ன? திறந்து செய்யும் அறுவையில் புடைத்த பையைப் பிளந்து, அதன் பின்சுவரில் திறக்கும் கிளைகளைத் தைத்து மூடுகிறார்கள். 1990-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் அறுவை மருத்துவர் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனிக்குத் தொடங்கிவைத்த முறையில், தொடைத் தமனி வழியே ஸ்டென்ட் என்னும் கம்பிவலை தாங்கும் செயற்கைக் குழாயைச் செலுத்துகிறார்கள். பை அப்படியே இருக்கிறது. அதற்குள் குருதிக் கசிவு நீடித்துப் பை பெருத்தால், துடிப்பின் அழுத்தம் பின்னாலுள்ள முள்ளெலும்பின் முன்முகத்தில் ஓயாமல் விழும். எலும்பு குழிந்துபோகும். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் வட்டு நெகிழ்வானது என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். இதற்குக் 'குடைவு' என்பதே பொருந்தும். குடைவரைக் கோயிலைப் பார்த்தவருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

செயற்கைக் குழாயில் தொற்று ஏறி முள்ளெலும்புக்குப் பரவுவது வேறு. அப்போது வட்டும் சேர்ந்தே கெடும், மருத்துவமும் மாறும். அதைக் குடைவு என்று எழுதக் கூடாது. 'முள்ளெலும்புத் தொற்றழிவு' எனலாம். இரண்டுக்கும் பொதுவாக 'முள்ளெலும்புச் சிதைவு' இருக்கட்டும்.

இன்னொன்று. இதைப் 'பக்கவிளைவு' என்று குறிக்க வேண்டாம். அது மருந்துக்கு வழங்கும் சொல். இங்கே 'சிக்கல்' போதும்.

'தொற்றழிவு' பற்றி மட்டும் எனக்கு ஐயம் இருக்கிறது. அறுவைக்கு முன் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தில் 'அழிவு' என்று இருந்தால், நோயாளியின் வீட்டார் மிரண்டுபோவார்களோ? மருத்துவமனைகளில் பணிபுரியும் நண்பர்கள் சொல்லுங்கள்.