வெள்ளிக் காசு சேர்க்கறேன், விக்கப் போனா பாதி ஆசையே போயிருச்சு – என்ன தப்பு பண்றேன்?

சிவா_கோவை:
வணக்கமுங்க. ரெண்டு வருஷமா சம்பளம் வந்த முதல் வாரம் கடைவீதிக்கு போயி ஒரு 10 கிராம் வெள்ளிக் காசு வாங்கீட்டு வர்றது பழக்கமாயிருச்சு. சேமிப்புன்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப அது ஒரு கிறுக்காவே ஆயிருச்சு, ராத்திரி டப்பாவ திறந்து வரிசையா அடுக்கி பாப்பேன், வீட்டுக்காரம்மா "என்னங்க கொலு வெக்கறீங்களா"ன்னு கேக்கறாங்க. இதுவரை 23 வெள்ளிக் காசு, 1 கிராம் தங்கக் காசு மூணு, 8 கிராம் ஒண்ணு இருக்குது. அது போக அப்பத்தா குடுத்த ராணி தலை, ராஜா தலை போட்ட பழைய ஒரு ரூபா ஆறு. அதே மாதிரி ஏழாவதா 1862 போட்டது ஒண்ணு நானா ஆன்லைன்ல 2,500 குடுத்து வாங்குனேன்.

விஷயம் என்னன்னா, போன வாரம் அவசரத்துக்கு பத்து காசு எடுத்துட்டு வாங்குன கடைக்கே போனேன். பில்லு, பேக்கிங் எல்லாம் அப்படியே இருக்குது, ஆனாலும் "பணமா தர மாட்டோம், வேணா கொலுசா எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல வேற கடையில கேட்டா அன்னைய ரேட்டுல இருந்து நல்லாவே கழிச்சு சொன்னாங்க. விக்காம திரும்பி வந்துட்டேன். இனிமே சின்னக் காசா வாங்கறதா, இல்ல சேத்து வெச்சு 500 கிராம் பாரா, அதாவது கட்டியா வாங்கறதா? இல்ல தங்கத்துக்கே போயிரலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெற்காவணி:
தம்பி, நீங்க பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணுதான், வாங்குறப்பவே "திருப்பி குடுத்தா என்ன ரேட்டுக்கு எடுப்பீங்க, கையில பணமா தருவீங்களா"ன்னு கேக்கல. நம்ம ஆளுக எல்லாரும் செய்கூலி எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வந்துருவாங்க. மதுரையில தெற்கு ஆவணி மூல வீதியில நான் முப்பது வருஷமா சுத்துறேன், எங்க அப்பா காலத்துல இருந்தே கட்டி வெள்ளி வாங்குவோம், அதனால சொல்றேன்.

கணக்கு போட்டு பாருங்க. 100 ரூபா வெள்ளிக்கு 10 கிராம் காசுல அடிக்கூலின்னு ஒரு 8 ரூபா வெப்பாங்கன்னு வைங்க, அதுக்கு மேல ஜிஎஸ்டி 3 சதவீதம், உங்க கை விட்டு போனது 111 ரூபாய்க்கு மேல. விக்கிறப்ப கூலியும் வராது ஜிஎஸ்டியும் வராது, 2 ரூபா கழிச்சு 98 தருவான். அப்போ வெள்ளி 13 சதவீதம் ஏறுனாத்தான் நீங்க போட்ட பணமே திரும்ப வரும். பாரா வாங்குனா கிராமுக்கு கூலி ரொம்ப கம்மி, அரை கிலோ ஒரு கிலோன்னா பேசி குறைக்கவும் செய்யலாம். ஆனா பாதி தேவைன்னா பார வெட்டியா விக்க முடியும், அதையும் யோசிங்க. நான் பண்றது 100 கிராம் பார், ரெண்டுங்கெட்டானா இருந்தாலும் எனக்கு அதுதான் சரிப்பட்டு வந்துச்சு.

அப்புறம் பேங்க்ல தங்கக் காசு வாங்குறவங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். பேங்க் விக்கும், திருப்பி வாங்காது.

பட்டறை_பையன்:
அண்ணே நான் கடையில தான் வேலை பாக்குறேன், எந்த ஊர் எந்த கடைன்னு கேக்காதீங்க. பழசு எடுக்குற பக்கம் தான் உக்காந்திருக்கேன்.

எங்க பக்க நியாயத்தையும் சொல்லிடுறேன். பேக்கிங் இருக்கு பில் இருக்குன்னு நீங்க சொல்றீங்க, ஆனா அந்த பிளாஸ்டிக் கார்டையே அச்சு அசலா அடிச்சு உள்ள வெள்ளி முலாம் போட்ட பித்தளைய வெச்சு கொண்டு வந்து குடுத்துட்டு போனவங்கள நான் பாத்திருக்கேன், அதனால மெஷின்ல வெச்சு டச், அதாவது சுத்தம் பாக்காம யாரும் எடுக்க மாட்டோம். மெஷின் மேலாக்க தான் படிக்கும், அரை கிலோ பார்னா உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு தெரியாது, ஒரு ஓரத்துல துளை போட்டு பாக்கணும், இல்ல உருக்கணும். பாருக்கு கூலி கம்மி, ஆனா சந்தேகம் ஜாஸ்தி, இது யாரும் சொல்ல மாட்டாங்க. தங்கத்துலயும் பெரிய பார்னா டங்ஸ்டன் பயம் இருக்கு, ரெண்டுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒண்ணு, 19.3க்கு 19.25, எடை போட்டெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

தங்க நகையில எச்யூஐடின்னு 6 எழுத்துல ஹால்மார்க் அடையாள நம்பர் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல அடிச்சா விவரம் வந்துரும், 2023 ஏப்ரல்ல இருந்து அது இல்லாம கடையில விக்கவே கூடாது. வெள்ளிக்கு அப்படி கட்டாயம் கிடையாது. அதனால காசு பார் வாங்குறப்ப யாரு அடிச்சதுன்னு பாருங்க, ரிஃபைனரி பேரு, 999ன்னு சுத்தம், எடை, சீரியல் நம்பர் இருக்கணும், பில்லுலயும் அது ஏறணும். பேரில்லாத லட்சுமி காசுன்னா நாங்க சாமி கும்பிட்டுட்டு உருக்கத்தான் போடுவோம்.

இன்னொண்ணு, கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு 500 கிராம், ஆம்பளைக்கு 100 கிராம் வரைக்கும் வருமான வரி ரெய்டுல எடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்கல்ல, அது நகைக்கு சொன்னது. காசு பாருக்கு இல்ல. பில்ல பத்திரமா வைங்க.

ஏட்டுச்சுரைக்கா:
எல்லாரும் எங்க வாங்குறது எப்படி விக்குறதுன்னே பேசுறீங்க, வெள்ளி எப்படிப்பட்ட ஜந்துன்னு யாரும் சொல்லல. 1980 ஜனவரில அமெரிக்காவுல ஹன்ட் சகோதரர்கள் வாங்கி குவிச்சதுல அவுன்ஸ் 50 டாலர் கிட்ட போச்சு, மார்ச் முடியிறதுக்குள்ள 11 டாலர். அடுத்து அந்த 50 பக்கத்துல வந்தது 2011 ஏப்ரல்ல, 31 வருஷம் கழிச்சு. அப்பவும் நிக்கல. நம்ம ஊர்ல அப்போ கிலோ 70 ஆயிரத்தை தாண்டுச்சு, 2015 கடைசியில 35 ஆயிரத்துக்கு கீழ. நான் 2011ல உச்சத்துல ரெண்டு கிலோ வாங்குன அதிபுத்திசாலி, போட்ட ரேட்ட திரும்ப கண்ணால பாக்க 2020 ஆகிப்போச்சு. ஒன்பது வருஷம் பீரோவுல அது என்னைய பாத்து சிரிச்சுச்சு.

ஆக முதலீடுன்னா ஈடிஎஃப்ல (ஷேர் மாதிரி வாங்கி விக்குற ஃபண்டு) போடுங்க, வெள்ளிக்கு 2022ல இருந்தே இருக்கு, சேதாரம் கூலி ஒண்ணும் கிடையாது, விக்க ஃபோன் போதும். தொட்டுப் பாக்க ஆசைன்னா காசு வாங்குங்க, ஆனா அத லாபக் கணக்குல எழுதாதீங்க. ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டதுதான் சிவாவோட பிரச்சினை.

தெற்காவணி:
ஏட்டுச்சுரைக்கா சார், ஈடிஎஃப்ப கொண்டு போய் பொண்ணுக்கு சீரா வைக்க முடியுமா? 😀 அவசரத்துக்கு அடகுன்னு பாத்தாலும் பேங்க்ல பாருக்கு கடன் கிடையாது, ஈடிஎஃப்புக்கும் கிடையாது. காசுன்னா ஒரு வரம்பு இருக்கு, தங்கக் காசு ஆளுக்கு 50 கிராம், 2026 ஏப்ரல்ல இருந்து வெள்ளிக் காசும் 500 கிராம் வரைக்கும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. அதுலயும் எந்தக் காசை எடுப்பாங்கன்னு பேங்க்ல கேட்டுக்கோங்க.

பழங்காசு:
நான் பழைய நாணயம் சேக்குறவன், சிவாவோட அந்த ஏழு பழைய ஒரு ரூபா காசப் பத்தி மட்டும் சொல்றேன்.

அத உருக்குற வெள்ளி கணக்குல சேக்காதீங்க. பிரிட்டிஷ் ஒரு ரூபா 11.66 கிராம், அதாவது ஒரு தோலா, வெள்ளி 91.7 சதவீதம். 1940ல இருந்து பாதி தான் வெள்ளி, 1947ல அதுவும் போயி நிக்கல் ஆயிருச்சு. அதனால ராஜா தலையில வருஷத்த பாருங்க. 1862ன்னு போட்ட ராணி தலை ரொம்ப அபூர்வம்னு ஆன்லைன்ல கதை விடுவாங்க, நம்பாதீங்க, 1874 வரைக்கும் அதே வருஷத்த போட்டே அடிச்சாங்க, காசுல இருக்குற புள்ளிய வெச்சுத்தான் எந்த வருஷத்துதுன்னு பிரிப்போம்.

போலி பாக்க ஒரு வழி. 0.01 கிராம் காட்டுற சின்ன தராசு வாங்குங்க. ஒரு டம்ளர் தண்ணிய அது மேல வெச்சு சைபர் பண்ணுங்க. காச நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடியில தட்டாம தொங்க விடுங்க. தராசு காட்டுற எண்ணால காசோட எடைய வகுத்தா அடர்த்தி. நல்ல ரூபான்னா 10.3 பக்கம் வரும், 9க்கு கீழ வந்தா அது வேற சரக்கு.

தேய்க்க மட்டும் தேய்க்காதீங்க!! கறுப்பு இருந்தா இருக்கட்டும். பிவிசி கவர்லயும் போடாதீங்க, பச்சையா பிசுபிசுன்னு பிடிச்சுக்கும். வெளிநாட்டு சொந்தக்காரங்க கேட்டா குடுத்து அனுப்பாதீங்க, 100 வருஷம் தாண்டுனது தொல்பொருள் கணக்கு, ஏர்போர்ட்ல மாட்டுவாங்க.

சிவா_கோவை:
எல்லாருக்கும் நன்றிங்க. தராசு வந்துச்சு, நேத்து ராத்திரி ஏழையும் முக்கி பாத்தேன். அப்பத்தா குடுத்த ஆறும் 10.3, 10.4ன்னு வந்துச்சு. நான் 2,500 குடுத்து வாங்குன 1862 தான், எடையே 11.2, தண்ணியில 1.26, வகுத்தா 8.9. மூணு தடவ மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டேன், மாறவே இல்ல.

பழங்காசு அண்ணா, தேய்க்காதீங்கன்னு நீங்க சொன்னத வீட்ல படிச்சு காட்டுனேன். எங்கம்மா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாத்து "ஆயுத பூசைக்கு வருசா வருசம் புளி போட்டு நாந்தான் தேச்சு வெக்கறேன்"னு சொல்றாங்க. ராணி மூக்கு ஏன் மழுங்கியிருக்குதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.

பழங்காசு:
😭 ஃபோட்டோ போடுங்க பாப்போம்.