வியாழன் காற்று: இரண்டு விளிம்பிலும் கூட்டல் குறியே வருகிறது, எங்கே தப்பு?

அலைவரிசை:
அல்மா (சிலியிலுள்ள ரேடியோ தொலைநோக்கித் தொகுதி) காப்பகத்திலிருந்து 2017 மார்ச்சில் பதிவான வியாழன் கோளின் தரவை எடுத்தேன். ஹைட்ரஜன் சயனைடு வாயு உமிழும் 354.5 கிகாஹெர்ட்ஸ் நிறமாலைக் கோடு. டாப்ளர் நகர்வில் (வாயு நெருங்கினாலோ விலகினாலோ கோட்டின் அதிர்வெண் மாறுவது) கோளின் சுழற்சியைக் கழித்தாயிற்று (நடுக்கோட்டில் நொடிக்கு 12.6 கி.மீ.). மிச்சம்தான் காற்று என்று பார்த்தால், நடுக்கோட்டின் கிழக்கு விளிம்பில் நொடிக்கு +130 மீ., மேற்கில் +350 மீ. இரண்டுமே நம்மைவிட்டு விலகுகின்றனவாம்! காற்று சுற்றி அடித்தால் ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல் என்றுதானே வர வேண்டும்? மூன்று நாளாக மண்டை காய்கிறது.

பழைய ஆன்டெனா:
வட்டின் மையத்தை எங்கே வைத்தீர்கள்? தொலைநோக்கி குறிவைத்த புள்ளியிலேயே என்றால் அதுதான் வினை. சுழற்சி வேகம் அச்சிலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதம். மையம் ஆரத்தில் 1% தள்ளினாலே எல்லா இடத்திலும் 126 மீ. ஒரே பக்கமாக ஏறும். இரண்டு விளிம்பையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 240, அது பிழை. வித்தியாசத்தில் பாதி 110, அது காற்று.

அலைவரிசை:
பூமி–வியாழன் ஒப்புவேகத்தைத் தப்பாகக் கழித்திருந்தாலும் இப்படித்தானே வரும்?

பழைய ஆன்டெனா:
வரும். வேகத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. நிறமாலைக் கோட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, கோளின் தொடர் உமிழ்வுப் படத்தில் (கோடு இல்லாத அலைவரிசைகளில் கோள் தெரியும் படம்) வட்டின் ஓரத்தைப் பொருத்திப் பாருங்கள்.

மொட்டைமாடி:
குறுக்கே ஒரு சந்தேகம். வியாழனில் சயனைடு எங்கிருந்து வந்தது?

பழைய ஆன்டெனா:
1994-இல் மோதிய ஷூமேக்கர்-லெவி 9 வால்மீன் விட்டுப்போனது. அடுக்குமண்டலத்தில் (மேகங்களுக்கு மேலுள்ள அடுக்கு) காற்றை அறியப் பின்தொடர மேகம் கிடையாது. இந்த வாயுதான் அங்கே நமக்குக் காற்றுகாட்டி.

அலைவரிசை:
பொருத்திவிட்டேன். மையம் 0.4 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) தள்ளியிருந்தது. இப்போது கிழக்கில் −100, மேற்கில் +120. ஆனால் தெற்கே 70 பாகைப் பக்கம் ஒரு விளிம்பில் மட்டும் 300-க்கு மேல் நிற்கிறது. அதையும் பாதியாக்கிக் கழித்துவிடவா?

பழைய ஆன்டெனா:
ஐயோ, வேண்டாம்! அது துருவ ஒளிவளையத்துக்குக் கீழே அடிக்கும் காற்று. இதே தரவில் வானியலாளர் கவாலியேயின் குழு 2021-இல் 300 முதல் 400 மீ. வரை என்று வெளியிட்டது அதைத்தான். அங்கே இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மையப் பிழையை நடுக்கோட்டிலேயே தீர்த்துவிட்டு அங்கே கை வைக்காதீர்கள். அப்புறம், கோளின் ஆரத்தில் 100 கி.மீ. விட்டுப்போனால் நடுக்கோட்டில் சுமார் 18 மீ. மாறும், அதையும் பாருங்கள்.