உப்புத் தண்ணீரில் கத்தரியும் வெண்டையும் கருகுகின்றன: உச்சிப்புளி பக்கம்

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் மகளிர் குழு 20 சென்ட்டில் காய்கறி போடுகிறது. பாதி எங்கள் வீடுகளுக்கு, மீதி சந்தைக்கு. மீன் தினமும் கிடைக்கிற ஊர்தான், ஆனால் பிள்ளைகள் தட்டில் காய் அபூர்வம், அதற்காகத்தான் இறங்கினோம்.

மார்கழியில் நாட்டுக் கத்தரி நாற்று நட்டோம், கூடவே வெண்டை விதை ஊன்றினோம். மழை முடிந்த கையோடு கிணற்றுத் தண்ணீரின் இ.சி. (மின்கடத்துத்திறன்; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.8. இப்போது மாசியில் 4.2. மூன்று வாரமாக அடி இலைகளின் ஓரம் கருகி உள்ளே பரவுகிறது. பூ உதிர்கிறது, பிஞ்சு நிற்பதே இல்லை. இலையில் பூச்சியோ மஞ்சள் நரம்போ இல்லை, வேரும் அழுகவில்லை. அதே தண்ணீரில் கொத்தவரை மட்டும் செழித்துக் காய்க்கிறது.

செய்து பார்த்தவை: மட்கிய சாணம் இரண்டு வண்டி, தென்னை ஓலை மூடாக்கு, சொட்டுநீர், வெயிலுக்கு முன் பாசனம். ஜிப்சமும் போட்டோம், பலனில்லை. மண்ணின் கார அமிலத்தன்மை 7.6 என்று பரிசோதனையில் வந்தபின்தான், பிரச்சினை ஜிப்சம் சரிசெய்யும் களர் (சோடியம் மிகுந்த கார மண்) இல்லை, உவர் (உப்பு மிகுந்த மண்) என்று புரிந்தது. நல்ல தண்ணீர் லாரியில் வாங்கினால் காய் விற்ற காசு அதற்கே போய்விடும்.

கொத்தவரையையே தினமும் கொடுத்தால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். இதேபோல் மணல் நிலத்தில், இ.சி. 4-க்கு மேல் உள்ள தண்ணீரில், பங்குனி, சித்திரையிலும் உங்களுக்குக் காய்த்த வேறு காய் எது, எந்த ரகம்?