பேக் அழுத்தி வெளியேறித் திரும்ப வந்தால் பழைய விலையே நிற்கிறது – உதவி

மண்டபம்_கோட்லின்: அவசரம். எங்கள் ஏலக்கடைக்கு ஒரு ஆப் எழுதியிருக்கிறேன். இறால், நண்டு, கணவாய் விலையை சர்வரிலிருந்து எடுத்து முதல் திரையில் காட்டும். பேக் அழுத்தி வெளியே போய், பத்து மணிக்கு மறுபடி திறந்தால் விடியற்காலை விலையே இருக்கிறது. என் போனில் சரியாக வருகிறது, அப்பா போனில் வரவில்லை. நாளை படகு கரை பிடிப்பதற்குள் சரிசெய்ய வேண்டும்.

பாம்பன்_அலை: கேஷ்தான், ஆப் சேமித்து வைத்த பழைய தகவல். செட்டிங்ஸில் போய் அழித்துப் பாருங்கள்.

கீழக்கரை_பாய்: தம்பி, ரெண்டு போனிலும் ஆண்ட்ராய்டு எத்தனை? விலை எடுக்கும் வரி எந்த ஃபங்ஷனில் இருக்கிறது?

மூத்த_கோடர்: இதே கேள்வி அடிக்கடி வருகிறது. லைஃப்சைக்கிள், அதாவது ஒரு திரை உருவாகி அழியும் வரை எந்த ஃபங்ஷன் எப்போது ஓடும் என்று படித்துவிட்டு ஆப் எழுத உட்காருங்கள். கோடைப் போடாமல் ஜோசியமா பார்க்க முடியும்?

மண்டபம்_கோட்லின்: என் போன் 11, அப்பாவுடையது 13. விலையை ஆன்கிரியேட்டில், திரை உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனில், எடுக்கிறேன்.

கீழக்கரை_பாய்: அதுதான் விஷயம். 11 வரை முதல் திரையில் பேக் அழுத்தினால் ஆக்டிவிட்டி, அதாவது அந்தத் திரை, முடிந்துவிடும். திரும்பத் திறந்தால் ஆன்கிரியேட் புதிதாக ஓடும். 12-லிருந்து லாஞ்சர் திரையை, அதாவது ஆப் திறக்கும் முதல் திரையை, முடிக்காமல் பின்னால் தள்ளி வைக்கிறது. திரை மறையும்போது ஓடும் ஆன்ஸ்டாப் வரும், அழியும்போது ஓடும் ஆன்டெஸ்ட்ராய் வராது. மறுபடி திறக்கும்போது ஆன்ரீஸ்டார்ட், ஆன்ஸ்டார்ட், ஆன்ரெஸ்யூம் மட்டும்தான். விலை எடுப்பதை, திரை கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு முறையும் ஓடும் ஆன்ஸ்டார்ட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் போனிலேயே ஹோம் அழுத்திவிட்டுத் திரும்ப வாருங்கள், இதே கோளாறு தெரியும்.

பாம்பன்_அலை: எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? பேக் அழுத்தும்போது ஓடும் ஆன்பேக்பிரஸ்டில், திரையை முடிக்கும் ஃபினிஷ் போட்டால் வேலை முடிந்தது.

மூத்த_கோடர்: முடியாது. டார்கெட், அதாவது ஆப் எந்த ஆண்ட்ராய்டுக்கு என்று குறிக்கும் எண், 36 வைத்து ஆண்ட்ராய்டு 16 போனில் ஓட்டினால் ஆன்பேக்பிரஸ்டைக் கூப்பிடவே கூப்பிடாது. ஆப்பின் அமைப்புக் கோப்பான மானிஃபெஸ்டில் விலக்கு எழுதலாம், அது தற்காலிகம். பேக்கைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் ஆன்பேக்பிரஸ்ட்கால்பேக்தான் வழி.

தங்கச்சிமடம்_நண்டு: பிடிக்கத்தான் வேண்டும் சார். ஈரக் கையோடு எடை பதிகிறோம். ஓரத்தில் விரல் உரசினாலே பேக் ஆகித் திரை போய்விடுகிறது, பாதி எழுதிய கிலோக் கணக்கும் அதோடு போச்சு. வெளியேறவா என்று கேட்டே ஆக வேண்டும்.

மூத்த_கோடர்: ஒவ்வொரு தடவையும் கேட்டால் ஆள் பார்க்காமலே ஆம் அழுத்துவார். பாதி நிரப்பிய படிவம் இருந்தால் மட்டும் கால்பேக்கை இயக்குங்கள்.

பாம்பன்_அலை: திரையின் தகவலை நினைவில் வைக்கும் வியூமாடலில் வைத்தால் கேட்கவே வேண்டாமே.

கீழக்கரை_பாய்: பேக்கில் திரை முடிந்தால் வியூமாடலும் கூடவே போய்விடும். போனைத் திருப்புவது போன்ற மாற்றங்களைத் தாங்கும். எடை போட்ட உடனே ரூமில், அதாவது போனிலேயே இருக்கும் தரவுத்தளத்தில், எழுதிவிடுங்கள். கணக்கு தொலைந்தால் ஏலத்தில் யார் பதில் சொல்வது?

தங்கச்சிமடம்_நண்டு: ரூமில் எழுதினாலும் கேள்வி வேண்டும். தெரியாமல் திரை மாறினால் அடுத்த கூடையின் எடை விட்டுப்போகிறது.

மண்டபம்_கோட்லின்: ஆன்ஸ்டார்ட்டுக்கு மாற்றினேன். அப்பா போனில் புது விலை வருகிறது. நன்றி பாய்.

மூத்த_கோடர்: டார்கெட் எத்தனை வைத்திருக்கிறீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?